பயிற்சி முகாமையாளர் என்றால் என்ன வேலை?

எமது ஊர் வர்த்தகர் சங்கம் 2012 இல் இளைஞர்களுக்காக ஒரு மாலைநேரப் பயிற்சி நிலையத்தை ஆரம்பித்தபோது, அதற்கு ஒரு 'பயிற்சி முகாமையாளர்' வேண்டும் என்று கூட்டத்தில் தீர்மானம் எடுத்தார்கள். சம்பளம் இல்லாத பதவி. எல்லோரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அன்று தாமதித்து வந்தவன். விடயம் விளங்காமல் தலையை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். பதவி என்னிடம் வந்து சேர்ந்தது.

நான் சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தியவன். 1988 இல் கொழும்பு பழைய சோனகத் தெருவில் ஒரு ஹாட்வெயார் கடைக்கு வேலைக்குப் போனேன். அங்கே எனக்கு யாரும் தொழில் படிப்பிக்கவில்லை. கூட்டினேன், தேநீர் வாங்கி வந்தேன், லொறியில் இருந்து சீமெந்து இறக்கினேன். இரண்டு வருடம் கழிந்த பிறகு, களஞ்சியத்துக்குப் பொறுப்பாக இருந்த பெரியவர் ஒரு நாள் என் உள்ளங்கையில் ஒரு போல்ட்டை வைத்து "அளவு சொல்லு" என்றார். சொன்னேன். அன்றிலிருந்து நான் தொழில் தெரிந்தவன். இப்படி வந்த நம்மில் பலருக்கு ஒரு நம்பிக்கை உண்டு: தொழில் என்பது பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்து வருவது, அதைப் படிப்பிக்க ஒருவர், அவரை மேற்பார்க்க இன்னொருவர் என்பதெல்லாம் வீண் செலவு. நானும் அந்த நம்பிக்கையோடுதான் அந்தக் கதிரையில் அமர்ந்தேன். அது எப்படி உடைந்தது என்பதை எழுதுவதற்குக் காரணம், நம் கடைகள் ஒவ்வொன்றிலும் அந்தக் கதிரை ஒன்று காலியாகக் கிடப்பதுதான்.

முதல் பயிற்சி நெறி வீட்டு மின்னிணைப்பு. ஆறு மாதம், கிழமைக்கு மூன்று நாள், மஃரிபுக்குப் பிறகு இரண்டு மணித்தியாலம். இருபத்துநான்கு பொடியன்கள் சேர்ந்தார்கள். பயிற்றுநர் ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர். விடயம் தெரிந்த மனிதர். கரும்பலகையில் அவர் வரையும் படத்தை அச்சடிக்கலாம். நடுவில் சிரிக்கவும் வைப்பார். பொடியன்கள் அவரில் உயிராக இருந்தார்கள். நான் வரவுப் பதிவேட்டைப் பார்த்தேன், வயருக்கும் சுவிட்சுக்கும் காசு கொடுத்தேன், முடிவில் பத்தொன்பது பேருக்குச் சான்றிதழில் கையெழுத்திட்டேன். படம் எடுத்துப் பத்திரிகைக்கும் அனுப்பினோம். என் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

நான்கு மாதம் கழித்து ஒரு பெண்மணியின் கை முறிந்தது. நம்மிடம் படித்த ஒரு பொடியன் தன் உறவினர் வீட்டுக்கு ஓர் அறை வயரிங் செய்து கொடுத்திருந்தான். விளக்கு எரிந்தது, அணைந்தது, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் சுவிட்சை லைவ் கம்பியில் வைக்காமல் நியூட்ரல் கம்பியில் வைத்துவிட்டான். அப்படி வைத்தால் சுவிட்சை அணைத்தாலும் ஹோல்டரில் மின்சாரம் நிற்கும். நோன்புப் பெருநாளுக்கு வீடு துப்புரவாக்கும்போது அந்தப் பெண்மணி சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் கதிரையில் ஏறி பல்பைக் கழற்றினார். ஹோல்டரில் விரல் பட்டது. தூக்கி எறியப்பட்டு விழுந்து மணிக்கட்டு முறிந்தது. உயிர் தப்பியதே பெரிய காரியம்.

நான் பார்க்கப் போனேன். அவருடைய கணவர் என்னைத் திட்டவில்லை. உள்ளே போய், கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்த சான்றிதழின் போட்டோப் பிரதியை எடுத்து வந்தார். "நானா, இதப் பாத்துத்தானே வேல குடுத்தோம்" என்றார். கீழே என் கையெழுத்து.

அந்தப் பொடியனைக் கூப்பிட்டு விசாரித்தேன். "சேர் சொல்லித்தந்தார் முதலாளி, கொப்பியிலயும் இருக்கு" என்றான். கொப்பியைக் கொண்டுவந்து காட்டினான். சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு எழுதியிருந்தான்: சுவிட்ச் எப்போதும் லைவ் கம்பியில் இருக்க வேண்டும். ஆறு மாதத்தில் தன் கையால் எத்தனை தடவை சுவிட்ச் இணைத்தாய் என்று கேட்டேன். யோசித்தான். "எங்கட குறூப்ல எட்டுப் பேர். எனக்கு ஒரு தரம் கிடைச்சிச்சு" என்றான்.

சான்றிதழ் பெற்ற பத்தொன்பது பேரையும் தேடிப் பார்த்தபோது, அந்தத் தொழிலில் நின்றவர்கள் ஐந்து பேர் மட்டும். மற்றவர்கள் பழையபடி புடவைக் கடையிலும் முச்சக்கரவண்டியிலும் இருந்தார்கள்.

கட்டுநாயக்கவில் ஓர் ஆடைத் தொழிற்சாலையின் பயிற்சிப் பகுதியில் வேலை செய்யும் என் மச்சினனிடம் இதைச் சொல்லிக் கவலைப்பட்டேன். அவர் சொன்னது ஒரே வசனம். "மச்சான், நீங்க காசும் வரவும் பாத்திருக்கீங்க, அது கிளார்க்கர்ட வேல. படிச்சுக் குடுக்குறவருக்குப் பின்னால போய் ஒரு மாசம் இருங்க." பிறகு வாசிக்கச் சில கையேடுகளும் தந்தார். நான் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி அவற்றிலிருந்தும், பின் வாங்கில் இருந்த அந்த மாதத்திலிருந்தும் வந்தது.

பின் வாங்கில் ஒரு மாதம்

பயிற்றுநர் படிப்பிப்பவர். பயிற்சி முகாமையாளர் படிப்பிப்பவர் அல்ல. கற்றல் நடக்கிறதா என்று பார்ப்பவர். இரண்டும் ஒன்றல்ல. இரண்டாவது பயிற்சி நெறியில் நான் ஒரு கொப்பியும் கைக்கடிகாரமுமாகப் பின்னால் இருந்தேன். என்ன படிப்பிக்கப்படுகிறது என்று எழுதவில்லை, அது எனக்கு முழுதாக விளங்கவும் இல்லை. பொடியன்களின் கைகளை மட்டும் பார்த்தேன். யாருடைய கையில் ஆயுதம் இருக்கிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது என்று குறித்தேன். 120 நிமிட வகுப்பில் ஒரு பொடியனின் கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்த நேரம் 14 நிமிடம். இன்னொரு நாள் 9 நிமிடம். சிலருடைய கைக்கு அது வரவே இல்லை. எட்டுப் பேருக்கு ஒரு பலகை என்றால் கெட்டிக்காரப் பொடியன் இரண்டு பேர் இணைப்பார்கள், மற்ற ஆறு பேர் பார்த்து நிற்பார்கள். பரீட்சை எழுத்தில் நடந்ததால் பார்த்து நின்றவனும் சித்தியடைந்தான்.

இதைப் பயிற்றுநரிடம் சொல்வதுதான் என் வாழ்க்கையில் நான் செய்த கடினமான வியாபாரம். என்னைவிட இருபது வயது மூத்தவர். வகுப்பு முடிந்து பொடியன்கள் போன பிறகு கொப்பியைக் காட்டினேன். "தம்பி, நான் முப்பத்தொரு வருஷம் சேவை செஞ்சவன். நீங்க மணிக்கூடு வச்சு என்ன அளக்கிறீங்களா?" என்று கேட்டார். அடுத்த கிழமை வரவில்லை. பொடியன்கள் என்னை முறைத்தார்கள். நான் வீட்டுக்குப் போய், "சேர், உங்கட படிப்பில குறை இல்ல. பலகையில குறை. ஆளுக்கொரு பலகை நான் தாறேன், நீங்க வாங்க" என்றேன். முழு உண்மை அதுவல்ல. ஆனால் முகாமையாளரிடம் அந்த அளவு வியாபாரத் தந்திரம் இருக்க வேண்டும். வந்தார்.

என் கடையில் மிஞ்சும் வயர்த் துண்டுகள், திரும்பி வந்த சுவிட்சுகள், பழைய பலகைகள் எல்லாம் அங்கே போயின. இரண்டடிக்கு மூன்றடிப் பலகை ஆளுக்கொன்று. விரிவுரை அரை மணித்தியாலம், மிச்சம் கைவேலை. செலவு நினைத்ததைவிடக் குறைவு.

செலவைவிடச் சிரமம் தந்தது நிர்வாக சபை. ஒரு பயிற்றுநரால் இருபத்துநான்கு பலகையை ஒரே நேரத்தில் பார்க்க முடியாது, பன்னிரண்டு பேரை மட்டும் எடுப்போம் என்றேன். ஆண்டறிக்கையில் இருபத்துநான்கு என்று இருந்தால்தான் தனவந்தர்கள் தருவார்கள் என்றார்கள். இரண்டு கூட்டம் இழுபட்டது. கடைசியில் பதினாறுக்கு ஒத்துக்கொண்டேன். பதினாறு அதிகம்தான்.

ஒரு முடிச்சு

மச்சினன் தந்த கையேட்டில் இருந்த ஒரு விடயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இரண்டாம் உலக யுத்த காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் பழகிய தொழிலாளர் போர்முனைக்குப் போய்விட, ஒன்றும் தெரியாதவர்களை விரைவாகப் பழக்க வேண்டி வந்தது. 1940 முதல் 1945 வரை 'தொழிலகத்துக்குள் பயிற்சி' என்ற பெயரில் ஒரு திட்டம் நடந்தது. தொழிலாளரை அவர்கள் நேரடியாகப் பழக்கவில்லை. கங்காணிமாருக்கும் மேற்பார்வையாளருக்கும் 'எப்படிப் பழக்குவது' என்று பழக்கினார்கள். அதன் அடிப்படை அதற்கும் முந்தியது. முதலாம் உலக யுத்தத்தின்போது கப்பல் கட்டும் தளங்களுக்கு ஆட்களைத் தயார்படுத்திய சார்ள்ஸ் அலன் என்பவர் 1919 இல் எழுதிய நூலில் நான்கு படிகளாகச் சொன்னது. யுத்தத்தின் பின் இந்த முறை ஜப்பானுக்குப் போனது. டொயோட்டா கம்பனி அதை எடுத்துக்கொண்டது.

அந்தத் திட்டத்தின் வகுப்பில் ஒரு முடிச்சைப் போட்டுக் காட்டுவார்கள். தொங்கும் விளக்கின் ஹோல்டருக்குள் இரட்டை வயரில் போடும் முடிச்சு அது. பல்பினதும் ஷேட்டினதும் பாரம், திருகாணியில் இறுக்கிய செப்புக் கம்பியை இழுக்காமல் அந்த முடிச்சில் தங்கி நிற்கும். முதலில் ஒருவரைக் கூப்பிட்டு முடிச்சை எப்படிப் போடுவது என்று வாயால் மட்டும் சொல்வார்கள். அவரால் போட முடியாது. அடுத்தவருக்கு ஒன்றும் சொல்லாமல் போட்டுக் காட்டுவார்கள். அவராலும் முடியாது. மூன்றாமவருக்கு முறைப்படி பழக்குவார்கள். அவர் போடுவார்.

நான் இதை நிர்வாக சபைக் கூட்டத்திலேயே செய்து பார்த்தேன். சொன்னதைக் கேட்ட ஹாஜியார் வயரைச் சிக்காக்கினார். பார்த்தவர் பாதியில் நின்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் நம் கடைகளில் நாம் பழக்குவது இந்த இரண்டு முறையிலும்தான். ஒன்றில் கல்லாவில் இருந்தபடி சத்தமாகச் சொல்கிறோம், இல்லாவிட்டால் "பாத்துக்கொண்டு நில்லு" என்கிறோம்.

முறைப்படி என்றால் இதுதான். முதலில் ஆளைத் தயார்படுத்துவது: அவனுக்கு ஏற்கனவே என்ன தெரியும் என்று கேட்பது, பயத்தைப் போக்குவது, வேலை சரியாகத் தெரியும் இடத்தில் அவனை நிறுத்துவது. எதிரே நின்றால் வலம் இடமாகிவிடும், ஆகவே பக்கத்தில் நிறுத்துங்கள். அடுத்து ஒவ்வொரு படியாகச் செய்து காட்டிச் சொல்வது. மறுபடியும் செய்து, எந்த இடத்தில் கவனம் வேண்டும், ஏன் வேண்டும் என்று சொல்வது. அதற்குமேல் திணிக்கக் கூடாது. மூன்றாவது, அவனைச் செய்ய விடுவது. பிழை வந்த உடனே திருத்துவது. பிறகு அவனே காரணத்தைச் சொல்லிக்கொண்டு மறுபடி செய்ய வேண்டும். அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று நமக்கு உறுதியாகும்வரை இந்தப் படி தொடரும். கடைசிப் படி, தனியே விட்டுவிட்டு, சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது என்று சொல்லி, அடிக்கடி போய்ப் பார்ப்பது. போகப்போகப் பார்ப்பதைக் குறைப்பது.

இதில் நாம் எப்போதும் தவறவிடுவது மூன்றாவது படியின் இரண்டாம் பாதி. கை செய்வதைப் பார்த்துத் திருப்திப்படுகிறோம், 'ஏன்' என்று அவன் வாயால் சொல்ல வைப்பதில்லை. அந்தப் பொடியனுக்கோ 'ஏன்' கொப்பியில் இருந்தது, கையில் இருக்கவில்லை.

நோக்கத்தை எழுதும் விதம்

முதல் பயிற்சி நெறியின் பாடத்திட்டத்தில் 'மின்சுற்றுகள் பற்றிய அறிவைப் பெறுவர்' என்று எழுதியிருந்தோம். அழகான வசனம். ஆனால் பெற்றார்களா என்று எதைக் கொண்டு அளப்பது? ரொபேர்ட் மேகர் என்ற அமெரிக்கர் 1962 இல் இதைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். நோக்கம் என்றால் மூன்று விடயம் அதில் இருக்க வேண்டும்: பயிலுனர் என்ன செய்வார், எந்த நிலையில் செய்வார், எந்த அளவுக்குச் சரியாகச் செய்வார். இரண்டாவது பயிற்சி நெறிக்கு நாங்கள் எழுதியது இப்படி: 'படத்தைப் பார்த்து, பிறர் உதவியின்றி, ஒரு சுவிட்சும் ஒரு ஹோல்டரும் உள்ள சுற்றை 40 நிமிடத்தில் இணைப்பார், சுவிட்ச் லைவ் கம்பியில் இருக்கும், சுவிட்சை அணைத்தபின் ஹோல்டரில் மின்சாரம் இல்லை என்பதை டெஸ்டரால் சோதித்துக் காட்டுவார்.' இப்படி எழுதியதும் எழுத்துப் பரீட்சை தானாகவே விழுந்துவிட்டது. செய்து காட்டாதவனுக்குச் சான்றிதழ் இல்லை.

இது நாங்கள் கண்டுபிடித்த புதுமை அல்ல. நம் நாட்டின் தேசிய தொழில் தகைமை, அதாவது என்.வி.கியூ. முறை, இதே அடிப்படையில்தான் நடக்கிறது. 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு அதை நடத்துகிறது. மட்டங்கள் ஏழு, நான்குவரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் வந்து, தொழிலுக்குரிய தேசிய நியமத்தைக் கையில் வைத்துக்கொண்டு, செய்து காட்டச் சொல்லிப் பார்ப்பார். பயிற்சி நிலையங்களும் அந்த ஆணைக்குழுவில் பதிவு செய்ய வேண்டும். எங்கள் நிலையம் முதல் வருடம் அதைச் செய்யாமல் தன் சொந்தச் சான்றிதழை அச்சடித்தது. அந்தப் பிழைக்கும் நானே பொறுப்பு.

வியாபாரிகள் இதில் கவனிக்க வேண்டிய வழி ஒன்று உண்டு. பத்து வருடமாக வேலை செய்யும் வயரிங் பாஸ், மேசன் பாஸ், வெல்டிங் பாஸ் ஆகியோர் வகுப்புக்குப் போகாமலே, தாம் ஏற்கனவே கற்றதை மதிப்பீடு செய்வித்து இந்தத் தகைமையைப் பெறலாம். தொழிற் பயிற்சி அதிகார சபையின் அல்லது தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்தில் விசாரிக்கலாம். உங்கள் கடைக்கு வரும் பாஸ்மாருக்கு இதைச் சொல்லுங்கள்.

நான்கு கேள்வி

பயிற்சி பலன் தந்ததா என்று பார்க்க, டொனால்ட் கேர்க்பாட்ரிக் என்பவர் 1959 இல் எழுதத் தொடங்கிய ஒரு வரிசை இருக்கிறது. பயிலுனருக்குப் பிடித்ததா, கற்றார்களா, வேலைத்தலத்தில் அப்படிச் செய்கிறார்களா, அதனால் ஆதாயம் வந்ததா. எங்கள் முதல் பயிற்சி நெறியை இதில் வைத்துப் பார்த்தேன். முதலாவதில் முழுப் புள்ளி. இரண்டாவதை எழுத்தில் மட்டும் அளந்தோம். மூன்றாவதை அந்தப் பெண்மணியின் மணிக்கட்டு அளந்து சொன்னது. நான்காவதைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

அதன்பின் மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் பயிலுனரைத் தேடிப் போவது என் வேலையாயிற்று. இரண்டாவது பயிற்சி நெறியின் பதினாறு பேரில் பதினொரு பேர் முடித்தார்கள், அதில் ஏழு பேர் தொழிலில் நின்றார்கள். பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டேன். முடிக்காத ஐந்து பேரில் மூவர் கடைச் சிப்பந்திகள். கடை முதலாளிமார் நேரத்துக்கு விடாததால் நின்றவர்கள். அந்த முதலாளிமாரில் இருவர் எங்கள் சங்கத்தின் நிர்வாக சபையில் இருந்தார்கள் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

நம் கடைக்குள்

இனி உங்கள் கடைக்கு வருகிறேன். உங்களிடம் நான்கு பேர் வேலை செய்தால், அங்கே ஏற்கனவே ஒரு பயிற்சி நிலையம் நடக்கிறது. மூத்த சிப்பந்தி பயிற்றுநர். முகாமையாளர் நீங்கள்.

அந்த யுத்தகாலத் திட்டத்தில் வரும் ஒரு தாளை நான் என் கடைச் சுவரில் ஒட்டினேன். மேலே ஊழியரின் பெயர்கள். இடப்பக்கம் வேலைகள்: கேபிள் அளந்து வெட்டுவது, பெயின்ட் கலப்பது, கடன் பில் எழுதுவது, காசோலை வாங்குவது, லொறிச் சரக்கைச் சரிபார்த்து இறக்குவது. தெரிந்த கட்டத்தில் புள்ளடி. தெரியாத கட்டத்தில் எந்தத் திகதிக்குள் பழக வேண்டும் என்ற திகதி. அதை நிரப்பிய அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. காசோலை வாங்குவதற்கு எதிரே ஒரேயொரு புள்ளடி, அது என் பெயரில். நான் ஒரு கிழமை காய்ச்சலில் படுத்தால் கடையில் காசோலை வாங்க ஆளில்லை.

பிறகு ஒவ்வொரு வேலைக்கும் அரைப் பக்கம் எழுதினோம். கேபிளுக்கு எழுதியதைச் சொல்கிறேன். படிகள் ஐந்துதான்: எதற்கு என்று கேட்பது, உறையில் உள்ள இலக்கத்தை வாசிப்பது, மேசையில் பதித்த அளவுகோலில் அளப்பது, வெட்டுவது, சுருளில் மிஞ்சியதைக் குறிப்பது. கவனிக்க வேண்டிய இடம் முதல் இரண்டிலும் இருக்கிறது. விளக்குக்குக் கேட்பவருக்கு 1/1.13, பிளக் பொயின்டுக்கு 7/0.67. முதலாவது 1.13 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒற்றைக் கம்பி, அதாவது ஒரு சதுர மில்லிமீற்றர். இரண்டாவது 0.67 மில்லிமீற்றர் கம்பி ஏழு, கிட்டத்தட்ட இரண்டரை சதுர மில்லிமீற்றர். காரணம்: இஸ்திரிப்பெட்டி, கேத்தல் போன்றவை இழுக்கும் மின்சாரத்துக்கு மெல்லிய கம்பி சூடாகும். புதுப் பொடியன் வெட்டும்போது இதை அவன் வாயால் எனக்குச் சொல்ல வேண்டும். சொல்லாதவரை வெட்ட விடுவதில்லை. முன்பெல்லாம் பிழையாக வெட்டிய கேபிள் துண்டுகள் ஒரு மூலையில் மலையாகக் கிடக்கும். இப்போது பயிற்சி நிலையத்துக்கு அனுப்பவே துண்டு போதாமல் புதுச் சுருளில் வெட்டிக் கொடுக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. தொழில் பழக்குகிறோம் என்று சிறு பிள்ளைகளைக் கடையில் நிறுத்தும் பழக்கம் நம்மிடம் இருந்தது. 2021 இல் சட்டம் திருத்தப்பட்டு வேலைக்கு அமர்த்தும் ஆகக்குறைந்த வயது 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. பழக வந்தவன், சொந்தக்காரப் பொடியன் என்ற சாட்டு அங்கே எடுபடாது.

நண்பர்கள் எல்லோரும் என்னிடம் கேட்கும் கேள்வி, பழக்கினால் போய்விடுவானே என்பது. போவான். நான் மூன்று வருடம் பழக்கிய ஒருவன் இரண்டு தெரு தள்ளிக் கடை திறந்தான். போகும்போது என்னுடைய கடன் வாடிக்கையாளர் மூவரையும் கொண்டுபோனான். எனக்குக் கோபம் வந்தது, இன்னும் முழுதாகத் தீரவில்லை. ஆனால் அவன் இருந்த மூன்று வருடக் கணக்கையும், ஒன்றுமே பழக்காமல் வைத்திருந்த இன்னொருவன் ஏழு வருடமாக என்னோடு இருந்த கணக்கையும் கொப்பியில் போட்டுப் பார்த்தேன். திரும்பி வந்த சரக்கு, பிழையாக எழுதிய பில், அவன் பதில் தெரியாமல் நின்றதால் வெறுங்கையோடு போன வாடிக்கையாளர். எனக்கு அதிக நட்டம் தந்தவன் போகாமல் இருந்தவன்தான். அவனையும் குறை சொல்ல முடியாது. ஏழு வருடத்தில் நான் அவனுக்கு ஒரு வேலையையாவது நான்கு படியிலும் பழக்கவில்லை. இப்போது அவன் பெயருக்குக் கீழே நான்கு புள்ளடி இருக்கிறது. ஐந்தாவது காசோலை, அதற்கு அடுத்த மாதம் 15 ஆம் திகதி குறித்திருக்கிறோம்.

காசோலை வாங்கும் வேலைக்கான தாளை எழுதும்போதுதான், திகதி, எழுத்திலும் இலக்கத்திலும் தொகை, கையெழுத்து, வெட்டித் திருத்திய இடம், ஆறு மாதம் கடந்ததா என்று நானே எத்தனை விடயங்களை யோசிக்காமல் பார்க்கிறேன் என்பது தெரியவந்தது. இரண்டு இரவு எடுத்தும் இன்னும் முடியவில்லை. முடிந்ததும் இந்தப் பக்கத்தில் அப்படியே தருகிறேன். வெட்டிக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளலாம்.